காடிச் சட்டமும் உருட்டு விளிம்பும்

நாடோறும் கதவைத் திறந்து மூடுகின்ற நாம், அதன் சட்டமும் பலகையும் எங்ஙனம் கூடி நிற்கின்றன என நோக்குவது அரிது. யான் தமிழ் பயில்பவன். எனினும் தச்சர் மகன் ஆதலின், சென்ற விடுமுறையில் எந்தையாருடன் ஒரு புத்தக அலமாரிக்குக் கதவு செய்யப் புகுந்தேன். அங்குக் கற்றதனையும் கெடுத்ததனையும் ஈண்டு எழுதுகின்றேன்.

மரம் ஈரக் காற்றில் விரியும். வறண்ட காற்றில் சுருங்கும். நார் ஓடும் நெடுக்கில் இம்மாற்றம் மிகச் சிறிது, குறுக்கிலோ பெரிது. நன்கு உலர்ந்த தேக்குப் பலகையும், 300 மி.மீ. அகலமுடையதாயின், அதன் ஈரம் நூற்றுக்கு 4 பங்கு ஏறியவழிச் சுமார் 2 மி.மீ. அகலக்கூடும். அதனை நாற்புறமும் பசையிட்டு இறுக்கினால் பலகை பிளக்கும்; அன்றேல் சட்டத்தின் மூட்டு விட்டுப்போம். ஆதலின் சட்டத்தின் உள்விளிம்பிற் காடி எடுத்து, பலகையைப் பசையின்றிச் செருகி, அது விரிதற்குச் சிறிது இடமும் விடுவர்.

இனி விளிம்பை உருட்டுதல் அழகிற்கு மட்டும் அன்று. கூரிய விளிம்பு தட்டுப்பட்டு நசுங்கும். வார்னிஷும் அவ்விடத்தே மெலிந்து நின்று முதலில் உரியும். முன்னர் இழைப்புளியாற் செய்த இவ்வேலையை இன்று பெரும்பாலும் ரௌட்டர் என்னும் மின்கருவி செய்கின்றது. அதன் பிட்டின் நுனியிற் சுழலும் பேரிங், விளிம்பின்மேல் ஊர்ந்து, அலகு எத்துணை உட்புகலாம் என வரையறுக்கும். பேரிங் ஊர்தற்கு மரம் வேண்டும் என்பதையே யான் மறந்தேன்.

எம் சட்டத்தின் கனம் 20 மி.மீ.; நடுவே 6 மி.மீ. காடி. எனவே காடிக்கு இருபுறமும் நின்ற உதடு 7 மி.மீ. தான். யான் கொண்ட பிட்டோ 6 மி.மீ. ஆரமுடையது. வளைவு 6 மி.மீ. மரத்தை உண்டபின் பேரிங் ஊர எஞ்சியது 1 மி.மீ.! பேரிங்கின் உயரம் 5 மி.மீ.; பிட்டைச் சற்றே தாழ்த்தியவுடன் அது காடிக்குள் வீழ்ந்தது; அலகு உதட்டைக் கடித்துப் பள்ளம் செய்தது. அத்தேக்கு, பழைய வீடொன்றை இடித்த காலத்து வாங்கியது. அதற்கு ஈடான துண்டு எம்மிடம் வேறில்லை. எந்தையார் சினந்திலர். "எது முன், எது பின் என்று எண்ணினாயா, தம்பி?" என்று மட்டும் கேட்டனர்.

காடி எடுக்குமுன் விளிம்பை உருட்டினால் என்னை? பேரிங் வீழாது, ஆயினும் வேறோர் இடர் உண்டு. நெடுஞ்சட்டத்தின் விளிம்பு முழுதும் உருண்டபின், குறுக்குச் சட்டத்தின் சதுரத் தோள் அதன்மேற் சென்று பொருந்துமிடத்தில் சந்து தோன்றும். தோன்றல், திரிதல், கெடுதல் என வகுப்பில் ஒப்பித்த எனக்கு, மரத்தின் புணர்ச்சியிலும் அம்மூன்றும் உள என்பது அன்றே விளங்கிற்று.

எந்தையார் காட்டிய முறை வருமாறு. கழுந்துகளைத் துளைகளிற் பசையின்றிப் பூட்டி, பலகை செருகாமல், வெறுஞ்சட்டத்தைப் பிடிப்பான்களால் இறுக்குக. காடியினுள் அதன் வாயோடு சமனாக நிற்கும் மெல்லிய மரச்சீவலை வைத்து நிரப்புக. அல்லது 3 மி.மீ. ஆரமுள்ள பிட்டைக் கொள்க. சிறிய பிட்டில் பேரிங் ஊர 4 மி.மீ. உதடு கிடைக்கும். ஒரே முறையில் முழு ஆழமும் வெட்டாது, இரண்டு மூன்று முறையாக வெட்டுக. மேலிருந்து நோக்கப் பிட்டு வலமாகச் சுழல்வதால், சட்டத்தின் உட்புறத்தே கருவியை வலமாகவும் வெளிப்புறத்தே இடமாகவும் செலுத்தல் வேண்டும். மாற்றிச் செலுத்தினால் கருவி கையை மீறி ஓடும். தனிப்பலகையின் விளிம்பாயின் நார் முடியும் தலைப்புகளை முதலிலும், நெடும்பக்கங்களைப் பின்னரும் உருட்டுக. தலைப்பின் கோடியிற் பிய்ந்த நார், பின்வரும் வெட்டில் நீங்கிவிடும். பிட்டை மாற்றுங்கால் மின்னிணைப்பைப் பிடுங்கிவிடுதல் இன்றியமையாதது.

இங்ஙனம் செய்த சட்டத்தின் உள்மூலைகள் பேரிங்கின் பருமைக்கேற்ப வளைந்தே நிற்கும். கூர்மூலை விரும்புவோர் உளியால் செதுக்கிக்கொள்ளலாம். எனக்கோ அவ்வளைவே இனிது. எந்தையார் அதனை ஒப்பார். நான்கு மூலைகளையும் உளியாற் கூராக்கிய பின்னரே அலமாரிக்குக் கதவைப் பூட்டினார்.

யான் கெடுத்த சட்டம் வீணாகவில்லை. கடிபட்ட உதட்டை நான்கு புறமும் முற்றும் சீவி எடுத்துவிட்டோம், காடி படியாயிற்று. மறுபுற உதட்டை முகமாக்கி, அப்படியில் கண்ணாடி ஒன்றைப் பதித்து, கூடத்துச் சுவரில் மாட்டியுள்ளோம்.