ஹெடர் மூட்டு ஏன் கசிகிறது?

அன்புள்ள தம்பிக்கு,

பதுளையில் கராஜ் வேலை பழகுகிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். எஞ்சின் புகையை வெளியேற்றும் புது ஹெடர் பூட்டிய லான்சர் கார் ஒன்று மறுபடியும் மறுபடியும் கசிவோடு வருகிறது, பேஸ்ட் பூசியும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தாய். கசிவை அடைப்பது பிறகு. அந்த மூட்டு ஏன் அசைகிறது என்று முதலில் கண்டுபிடி.

ஹெடர் பூட்டிய கார்கள் எங்கிருந்து வருகின்றன என்று சொல்கிறேன். நம் நாட்டில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதுவரை பழைய கார்களைத்தான் ஊரே பழுதுபார்த்து ஓட்டியது. வெடித்த வார்ப்பிரும்பு மேனிபோல்டைக் கழற்றிவிட்டுக் குழாய் ஹெடர் பூட்டியவர்களும் உண்டு. தியத்தலாவை பொக்ஸ் ஹில் மோட்டார் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வேகத்துக்காகப் பூட்டிய இளைஞர்களும் உண்டு. இரண்டு வகைக் காரும் உன்னிடம் வரும்.

மூட்டின் ஒரு பக்கம் எஞ்சின் ஹெட், அது பெரும்பாலும் அலுமினியம்; மறுபக்கம் ஹெடர், அது இரும்பு. 100 பாகை செல்சியஸ் சூடேறினால் ஒரு மீற்றர் அலுமினியம் 2.3 மில்லிமீற்றர் நீளும். இரும்பு அதில் ஏறக்குறையப் பாதிதான் நீளும். பசறை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் இழுக்கும்போது ஹெடர் கொதிக்கிறது. இறக்கத்தில், மழையிலும் மூடுபனியிலும் சட்டென்று ஆறுகிறது. இப்படி நீண்டு சுருங்கும் ஒவ்வொரு முறையும் நட்டு கொஞ்சம் தளர்கிறது. தோட்டத்துப் பாதையின் குழிகளில் சைலன்சர் குலுங்கும்போது அதன் பாரத்தையும் அந்த மூட்டே தாங்குகிறது.

கசிவை எப்படிப் பிடிப்பது? காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடேறியதும் அந்தச் சத்தம் குறைந்தால் ஹெடரைச் சந்தேகி. மூட்டைச் சுற்றிக் கரும்புகைத் தடம் இருக்கிறதா பார். எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, சைலன்சர் வாய் வழியாக மெதுவாகக் காற்றுச் செலுத்து. மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி வரும் இடம்தான் கசிவு.

அடுத்து ஹெடரைக் கழற்று. பழைய கேஸ்கட்டைச் சுரண்டித் துடைத்து, ஹெட்டோடு சேரும் தகடான பிளேஞ்சின் முகத்தின்மேல் நேரான இரும்பு அளவுகோலை நிறுத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். அளவுகோலின் அடியில் மெல்லிய கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் தகடு வளைந்திருக்கிறது. மலிவான ஹெடர்களின் மெல்லிய பிளேஞ்ச் வெல்டிங் சூட்டிலேயே வளைந்துவிடும். அதைச் சமமாகத் தீட்டாமல் எந்தக் கேஸ்கட் போட்டாலும் வீண். பேஸ்ட்டாலும் பயனில்லை. சாதாரண சிலிக்கோன் பேஸ்ட் ஏறக்குறைய 300 பாகைதான் தாங்கும்; ஹெடருக்குள் ஓடும் புகையோ 700 பாகையைத் தாண்டும். அதோடு, அந்தப் பேஸ்ட் ஒக்சிஜன் சென்சரையும் கெடுத்துவிடும்.

முகம் சமமானதும் பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட்டோ செப்புக் கேஸ்கட்டோ போடு. நட்டுகளை நடுவில் தொடங்கி, ஓரங்களை நோக்கி மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றாக இறுக்கு. டோர்க் ரென்ச்சில் கையேட்டின் அளவைத் தாண்டாதே. தாண்டினால் அலுமினிய மரை கழன்றுவிடும். ஒருமுறை சூடேற்றி, முழுதாக ஆறவிட்டு, நட்டுகளின் இறுக்கத்தைத் திரும்ப அளந்து பார். சைலன்சரைத் தாங்கும் ரப்பர்கள், எஞ்சின் மவுண்ட், பிளெக்ஸ் பைப் மூன்றையும் பார்க்காமல் காரை விடாதே. அவை பழுதாக இருந்தால் இந்த மூட்டு மறுபடியும் திறக்கும்.

சின்னக் கசிவுதானே என்று எவராவது சொன்னால் கேட்காதே. சென்சருக்கு முன்னால் கசியும் மூட்டு, புகை அடிப்புகளின் இடைவெளியில் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பெற்றோல் போதவில்லை என்று சென்சர் பொய் சொல்லும். எஞ்சின் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெற்றோல் ஊற்றும். அதைவிடக் கொடியது கார்பன் மொனொக்சைட். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, ஒக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்புத்தளைக் குளிரில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பிள்ளைகளோடு போகும் குடும்பத்தின் காருக்குள், முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத் துவாரம் வழியாக அது வந்துவிடும்.

ஆகவே தம்பி, கசியும் ஹெடரோடு எந்தக் காரையும் வெளியே அனுப்பாதே. உரிமையாளர் அவசரப்பட்டாலும் காரணத்தைச் சொல்லி நிறுத்திவை. அந்தக் காரில் ஏறுகிறவர்களின் உயிருக்கு நீயும் பொறுப்பு.

அன்புடன்,
அண்ணன்