அறுபது தாண்டினால் கதிரைதானா?

நம்பிக்கை: வயது போனால் இதயத்துக்கு ஓய்வுதான் மருந்து.

கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்களை ஆண்டுதோறும் காரைதீவில் பார்க்கிறோம். உகந்தை தாண்டி யால காட்டுக்குள் இறங்கும் அந்தக் கூட்டத்தில் அறுபது கடந்த பெண்கள் தாராளம். அவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, வீட்டிலிருக்கும் அம்மம்மாவிடம் “கடைக்குப் போக வேணாம், இளைக்கும், இருங்க” என்போம்!

இருக்க இருக்கத்தான் இளைப்புக் கூடும். 1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் இருபது வயது ஆண்கள் ஐவரை மூன்று வாரம் படுக்கையில் கிடத்தினார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மறுபடி சோதித்தபோது, முதுமை குறைத்த உடல் திறனைவிட அந்த மூன்று வாரம் குறைத்ததே அதிகம் என்று தெரிந்தது.

நம்பிக்கை: நடந்தால் நுரையீரல் விரியும்.

இல்லை. நோயில்லாத நுரையீரலிடம் தேவைக்கு மேல் இடம் ஏற்கெனவே இருக்கிறது. மாறுவது வேறு இடத்தில். கால் தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கூடுகின்றன. வரும் இரத்தத்திலிருந்து தசை அதிக ஒட்சிசனை எடுத்துக்கொள்ளப் பழகுகிறது. 1993இல் வெளியான ஓர் ஆய்வில், அறுபதைக் கடந்த ஆண்களுக்கு ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் இரத்தமும் கூடியது. பெண்களுக்கோ முன்னேற்றம் பெரும்பாலும் தசையிலிருந்தே வந்தது. ஆகவே மூச்சுப் பயிற்சி மட்டும் செய்துவிட்டுப் படியேறினால் பழைய இளைப்பே மிஞ்சும். கால் நடக்க வேண்டும்.

நம்பிக்கை: நாளுக்குப் பத்தாயிரம் அடி நடக்காவிட்டால் பலனில்லை.

அது 1960களில் யப்பானில் அடி எண்ணும் கருவி விற்கச் சொன்ன கணக்கு. 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மாதவிடாய் நின்ற, உடல் பருத்த, அதுவரை உடற்பயிற்சியே செய்யாத 464 பெண்கள் சேர்ந்தார்கள். கிழமைக்கு ஏறக்குறைய 72 நிமிடம் மட்டும் மிதமான பயிற்சி செய்தவர்களுக்கே ஆறு மாதத்தில் இதய, மூச்சுத் திறன் 4.2 சதவீதம் கூடியது. 190 நிமிடமளவில் செய்தவர்களுக்கு 8.2 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் கேட்பது கிழமைக்கு 150 நிமிடம்; அதைத் துண்டு துண்டாகவும் செய்யலாம். முற்றம் கூட்டுவதும் சேரும், மூச்சு சற்றே வேகமானால். அடுப்படியில் நிற்பது சேராது. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது: அதுதான் மிதமான வேகம்.

நம்பிக்கை: நடக்கிறேன், இனி பிரஷர் குளிசை வேண்டாம்.

அதே 464 பேரில் பிரஷர் குறிப்பிடும்படி இறங்கவில்லை. உடல் நிறையும் பெரிதாகக் குறையவில்லை. திறன் மட்டும் ஏறியது. குளிசையைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதைக் கிளினிக்கில் வைத்தியர் சொல்லட்டும். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, தாடைக்கோ கைக்கோ வலி ஏறினாலோ, சும்மா இருக்கையிலேயே மூச்சு முட்டினாலோ, மகன் வேலையால் வரும்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.