ஈயம் வார்க்கும் மேசை

ஈயம் உருக்குவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் முதலில் கேட்பது புகையைத்தான். "அந்தப் புகை நெஞ்சுக்குக் கெடுதல் இல்லையா?" அக்கறையான கேள்விதான். பல வருடங்களாக ஓஹையோவில் என் வீட்டு கராஜில் ரிவால்வருக்கான குண்டுகளை நானே வார்த்துவருகிறேன். எனக்குப் புகையைவிட அதிகப் பயம் மேசையில் படியும் சாம்பல் நிறத் தூள்மீது.

காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகுகிறது; கொதிப்பதோ 1,749 டிகிரியில். குண்டு வார்க்கும் வேலை 370 முதல் 400 டிகிரிக்குள் முடிந்துவிடும். அந்தச் சூட்டில் ஆவியாகும் ஈயம் மிகச் சொற்பம். 500 டிகிரியை நெருங்கும்போதுதான் ஈயப்புகை கணக்கில் எடுக்க வேண்டியதாகிறது. தூள் அப்படியில்லை. உருகிய ஈயத்தின் மேற்பரப்பு காற்றுபட்டு ஆக்சைடாகிக் கசடாக மிதக்கும். அதைக் கரண்டியால் வழித்துப் போடும்போது நுண்ணிய தூள் எழும்பி மேசையில், சட்டைக் கையில், தரையில் அமரும். அங்கிருந்து விரலுக்கு, விரலிலிருந்து வாய்க்கு. ஷூவின் அடியில் ஒட்டி வீட்டுக்குள் வந்தால் கார்ப்பெட்டில் தவழும் குழந்தைக்கு. விழுங்கிய ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு ஏற்பதைப்போல் நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தைகளின் உடம்பு ஏற்றுக்கொள்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்த ஒரு தகவலை மனத்தில் வைத்துக்கொண்டால் வேலையிடத்தை எப்படி அமைக்க வேண்டும் என்பது பாதிக்கு மேல் தெளிவாகிவிடும்.

சட்டத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி சொந்த உபயோகத்துக்குக் குண்டு வார்க்கவும் தோட்டா நிரப்பவும் உரிமம் வேண்டியதில்லை. தோட்டா தயாரித்து விற்பதைத் தொழிலாகச் செய்தால் வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் விதிகள் உண்டு. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே பயன்படுத்தக் கூடாது. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டா தயாரிப்பை உரிமம் இல்லாமல் அனுமதிப்பதில்லை. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் குண்டை விட்டுவிட்டு ஈயத்தைக் கையாளும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நான் கண்ட முதல் பாடம், ஒன்று போலத் தோன்றினாலும் இது இரண்டு வேலை என்பது. கார்ச் சக்கரத்தைச் சமன்படுத்த மாட்டும் பழைய எடைகளையும், சுடுதளத்து மண்மேட்டில் பொறுக்கிய குண்டுகளையும் உருக்கி, அழுக்கு நீக்கி, கட்டிகளாக ஊற்றி வைப்பது ஒரு வேலை. அந்தச் சுத்தமான கட்டிகளை மறுபடி உருக்கிக் குண்டாக வார்ப்பது இன்னொரு வேலை. முதல் வேலையில்தான் புகை, மண், எண்ணெய்ப் பிசுக்கு, கசடு எல்லாம். அதை வீட்டுக்குள் செய்யவே கூடாது. கராஜிலும் கூடாது. வெட்டவெளியில், மழை மேகம் இல்லாத நாளில், காற்று முதுகுப்பக்கமிருந்து வீசும்படி நின்று, புரொபேன் அடுப்பில் செய்ய வேண்டும். ஓஹையோவின் குளிர்காலத்தில் கராஜ் கதவை மூடிக்கொண்டு கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும் ஆசை பலருக்கு வரும். ஈயம் இருக்கட்டும், கார்பன் மோனாக்சைடே ஆளைக் கொன்றுவிடும். நான் கோடையில் கட்டி ஊற்றி அடுக்கிவிடுவேன். பனிக்காலத்தில் மின்சார உலையில் வார்ப்பேன்.

பழைய ஈயம் சேர்ப்பதில் சில எச்சரிக்கைகள். சக்கர எடை எல்லாம் இப்போது ஈயமில்லை. துத்தநாகமும் இரும்பும் கலந்தே வருகின்றன. துத்தநாகம் 419 டிகிரிக்கு மேல்தான் உருகும். உலையில் ஒரு தெர்மாமீட்டர் வைத்து 380 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் அது மேலே மிதக்கும், எடுத்து எறிந்துவிடலாம். கரைந்துவிட்டால் அந்தக் கலவை அச்சில் ஒழுங்காக நிரம்பாது. செம்பு உறை போட்ட பழைய குண்டுகளின் உள்ளே ஈரம் ஒளிந்திருக்கும். அவற்றைக் குளிர்ந்த பாத்திரத்தில் போட்டு, மூடி வைத்து, அதன் பிறகே அடுப்பை மூட்ட வேண்டும். உருகிய ஈயத்தில் ஒருபோதும் போடக் கூடாது. கார் பேட்டரி ஈயத்தைத் தொடவே வேண்டாம். அமிலமும் ஈயத்தூளும் ஒருபுறம் இருக்க, அந்தத் தகடுகளில் உள்ள ஆன்டிமனி, ஆர்செனிக், கால்சியக் கலவைகள் ஈரம்பட்டால் ஸ்டிபைன், ஆர்சைன் என்ற நச்சு வாயுக்களை உண்டாக்கக்கூடும். செனெகல் நாட்டில் டக்கார் நகரையொட்டிய தியாரோய் சுர் மேர் என்ற இடத்தில் பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் எடுக்கும் தொழில் நடந்தது. 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள். ஈயம் கலந்த மண்ணைச் சலித்ததும், அந்தத் தூள் வீடுகளுக்குள் புகுந்ததும்தான் காரணம். சிக்கனம் பார்க்க வேறு எத்தனையோ இடம் இருக்கிறது.

இனி மேசைக்கு வருவோம். இதில் நான் சற்று நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். வசதியும் பாதுகாப்பும் வேறு வேறு என்று நினைப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். கையுறை, கண்ணாடி எல்லாம் வாங்கிவிடுவார்கள். ஆனால் மடக்கு மேசையில் உலையை வைத்து, குனிந்து குனிந்து ஊற்றுவார்கள். ஒரு மணி நேரத்தில் தோள் கடுக்கும், மணிக்கட்டு தளரும். நிரம்பிய அச்சு கை நடுங்கிக் கவிழ்வது அப்போதுதான்.

மேசை கனமாக, ஆடாமல் இருக்க வேண்டும். நான் சுவரோடு சேர்த்துத் தடித்த மரப்பலகை போட்டு, அதன்மேல் சிமென்ட் பலகை விரித்து, அதற்கும் மேல் விளிம்பு உயர்ந்த இரும்புத் தட்டு வைத்திருக்கிறேன். உலையைத் திருகு போட்டு இறுக்கியாயிற்று. 9 கிலோ உருகிய ஈயம் சாய்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே இந்தத் திருகின் அருமை தெரியும். அடியில் குழாய் வைத்த உலைகள் எல்லாமே என்றாவது ஒருநாள் ஒழுகும். வால்வில் ஒரு துளி கசடு சிக்கினால் போதும். தட்டு இருந்தால் ஒழுகியது தட்டிலேயே உறைந்து நிற்கும், பிறகு எடுத்து உலையில் போடலாம். இரும்புத் தட்டுக்குப் பதில் பழைய பிளாஸ்டிக் விரிப்பு போட்டு வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

உயரம் அவரவர் உடம்புக்குத் தக்கபடி. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அச்சைக் குழாயின் கீழே பிடித்தால் முழங்கை விலாவை ஒட்டி, செங்கோணத்தில் இருக்க வேண்டும். முகம் உலைக்கு நேர் மேலே வரவே கூடாது. உட்கார்ந்து செய்யலாமா, நின்று செய்யலாமா என்று கேட்டால், இரண்டும் சரி, ஆனால் உட்காரும் நாற்காலிக்குச் சக்கரம் இருக்கக் கூடாது. ஏதாவது நேர்ந்தால் ஒரே எட்டில் எழுந்து பின்வாங்க முதுகுக்குப் பின்னால் வெற்றிடம் வேண்டும். சைக்கிள், பெட்டி, புல்வெட்டி எல்லாம் அங்கே நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கை நகரும் வரிசையில் பொருளை வையுங்கள். எனக்கு நடுவில் உலை, வலப்பக்கம் அச்சைச் சூடாக்கும் சிறு மின்னடுப்பு, இடப்பக்கம் மடித்த பழைய பருத்தித் துண்டு. ஊற்றி, சில விநாடி பொறுத்து, அச்சின் மேல்தகட்டைத் தள்ளினால் மேலே நிற்கும் மிகுதி ஈயம் ஒரு தகரப் பெட்டியில் விழும். அச்சைத் திறந்தால் குண்டு துண்டில் விழும். எதற்கும் உலைக்கு மேலாகக் கையை நீட்ட வேண்டியதில்லை. மிகுதித் துண்டுகளை அவ்வப்போதே உலைக்குள் வீசும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது தெறிக்கும், சூட்டையும் குறைக்கும். பெட்டி நிறைந்த பிறகு, கரண்டியால் மெல்ல இறக்குவதே நல்லது. ரிவால்வருக்கு நான் வார்க்கும் 158 கிரெயின் குண்டு ஒன்று பத்து கிராம் சொச்சம். ஒரு கிலோ ஈயத்துக்குக் கிட்டத்தட்ட நூறு குண்டு. அவ்வளவு தடவை கை அதே பாதையில் போய்வரும் என்பதால் ஒரு சாண் தூரம் குறைத்தாலும் மணிக்கட்டு நன்றி சொல்லும். புதியவர்கள் இரண்டு குழி அலுமினிய அச்சோடு தொடங்கட்டும். ஆறு குழி அச்சு வேகமானதுதான், ஆனால் கனம்.

அச்சு குளிர்ந்திருந்தால் குண்டில் சுருக்கம் விழும். மிகச் சூடானால் மேனி பனிபூத்ததுபோல் மங்கும். சுருக்கம் போக வேண்டும் என்று உலையின் சூட்டைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். அச்சை முன்கூட்டியே சூடாக்குங்கள், கலவையில் நூற்றுக்கு இரண்டு பங்கு வெள்ளீயம் சேருங்கள். குழியின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும். சூடு குறைவாக இருக்கும்வரை கசடும் குறைவு.

தண்ணீர்தான் இந்த வேலையின் முதல் எதிரி. உருகிய ஈயத்தின் அடியில் ஒரு சொட்டு நீர் போனால் அது நொடியில் நீராவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். உலையிலுள்ள ஈயம் கூரைவரை சிதறும். மேசையில் காபி, தண்ணீர் பாட்டில் எதுவும் வேண்டாம். குண்டைக் கடினமாக்க வாளித் தண்ணீரில் போடும் முறை ஒன்று உண்டு. அதை அனுபவம் சேரும்வரை தள்ளிப்போடுங்கள், செய்தாலும் வாளி உலையிலிருந்து எட்டி, தாழ்வாக இருக்கட்டும். குளிர்ந்த கராஜில் கிடந்த ஈயக்கட்டியில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். அதை உலையின் விளிம்பில் வைத்துச் சூடாக்கிய பிறகே உள்ளே இறக்க வேண்டும். நெற்றி வியர்வைக்கும் ஒரு துணிப்பட்டை கட்டிக்கொள்ளுங்கள்.

காற்று விஷயத்தில் விசிறி இருந்தால் போதும் என்று விட்டுவிடக் கூடாது, அது எந்தத் திசையில் இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். மேசைக்கு எதிரே ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன், என் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் திறந்த கராஜ் கதவு. நல்ல காற்று என்னைத் தாண்டி உலைக்குப் போய் வெளியேறுகிறது. உலைமேல் நேராக அடிக்கும் மேசை விசிறி கூடாது; தூளைக் கிளப்பும், அச்சையும் குளிரவைக்கும். வீட்டுக்குள் போகும் கதவின் இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டியிருக்கிறேன். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழட்டும், நிழல் அச்சின்மேல் விழாது. உலைக்குத் தனிப் பிளக், நேராகச் சுவரில். நீட்டிப்பு ஒயர் வேண்டாம். வெளியேறும் வழிப்பக்கம் தீயணைப்பான் மாட்டியிருக்கட்டும்.

உடுப்பு: முழுக்கைப் பருத்திச் சட்டை, ஷூவை மூடும் நீளத்தில் ஜீன்ஸ், தோல் ஷூ, தோல் கையுறை, கண்ணாடிக்கு மேல் முகக் கவசம். நைலான், பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். செருப்போடு நம் ஆட்கள் எந்த வேலையும் செய்துவிடுவார்கள். இதை மட்டும் செருப்போடு செய்யாதீர்கள்.

வேலை முடிந்த பின் செய்வதில்தான் குடும்பத்தின் நலம் இருக்கிறது. தொடக்கத்திலேயே என் மனைவி சொல்லிவிட்டாள்: "இந்தக் கதவைத் தாண்டி உங்க ஷூ உள்ளே வரக் கூடாது." அதைவிடச் சரியான விதியை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. ஷூ கராஜிலேயே தங்கும். சட்டையும் ஜீன்ஸும் மூடி போட்ட டப்பாவுக்குள் போய், வீட்டுத் துணியோடு சேராமல் தனியாகத் துவைக்கப்படும். துடைப்பம் போடக் கூடாது, தூள் பறக்கும். சாதாரண வாக்குவம் கிளீனர் அதைவிட மோசம், ஈயத்தை வடிகட்டாமல் அறையெங்கும் ஊதும். உலை முழுவதும் ஆறிய பிறகு ஈரத் துணியால் மேசையையும் தரையையும் துடைத்து, துணியைப் பையில் கட்டிவிடுகிறேன். கசடை மூடி இறுகிய தகர டப்பாவில் சேர்த்து, கவுன்டியின் அபாயக் கழிவு சேகரிப்பு நாளில் கொடுக்கிறேன். குப்பைத் தொட்டியில் போடுவதில்லை. பிறகு சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவிக் குளியல். கை கழுவுவது கிச்சன் சிங்கில் அல்ல. வேலை நடக்கும்போது தின்பதோ குடிப்பதோ சிகரெட்டோ எதுவும் கிடையாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கராஜுக்குள்ளே வரவே கூடாது, வேடிக்கை பார்க்கவும்தான்.

ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைதான், மருத்துவரிடம் கேட்டால் எழுதித் தருவார். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021-இல் குழந்தைகளுக்கான எச்சரிக்கை அளவை டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. ஆபத்தே இல்லாத அளவு என்று ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை. ரத்தத்தில் கலந்த ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகும், எலும்பில் சேர்ந்ததோ பல பத்தாண்டுகள் தங்கும். நான் வருடாவருடம் பார்த்துக்கொள்கிறேன். எண் ஏறினால், வேலையிடத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். வார்ப்பதை நிறுத்திவிட்டு அதைத் தேட வேண்டும்.

வலைக்கும் தூண்டிலுக்கும் ஈயக்குண்டு வார்க்கும் கடற்கரை வீடுகளிலும் இதே ஈயம்தான், இதே தூள்தான். முகக் கவசம் வாங்க முடியாவிட்டாலும், அடுப்பைக் குழந்தைகள் விளையாடும் முற்றத்திலிருந்து தள்ளி வையுங்கள், சமைக்கும் சட்டியில் ஈயத்தை உருக்காதீர்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள்.