மாத்திரையும் வேணும், வயிறும் நல்லா இருக்கணும்

தங்கச்சி, காலையில் எழுந்ததும் இரண்டு கை விரல்களும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்துக் கிடந்தால், விரல் கணுக்கள் வீங்கி ஆறு வாரமாகியும் வற்றவில்லை என்றால், வாய்வு என்று சொல்லித் தள்ளிப்போடாதே. சரவாங்கியாக, அதாவது முடக்குவாதமாக இருக்கலாம். சிக்குன்குனியா வந்துபோன பிறகும் மாதக்கணக்கில் மூட்டு வலிக்கும். இரண்டில் எது என்று பிரித்துப் பார்க்கத்தான் ஆன்டி சிசிபி ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுப்பார்கள். மணமேல்குடியிலிருந்து அறந்தாங்கி ஜி.எச். பக்கம்தான். அங்கிருந்து புதுக்கோட்டை மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினால் அலுத்துக்கொள்ளாமல் போய் வா. சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டு அரிக்காமல் காப்பாற்றலாம்.

மூட்டு வலிக்காரியிடம் டாக்டர் ஏன் வயிற்றைப் பற்றிக் கேட்கிறார் என்று யோசிக்காதே. உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பங்கு குடலை ஒட்டித்தான் இருக்கிறது. எது சோறு, எது கிருமி, எதைச் சும்மா விடலாம் என்று அவை பழகுவதே அங்கு குடியிருக்கும் பாக்டீரியாக்களிடம்தான். குடலின் உட்பக்கம் ஒரே ஒரு வரிசை செல்தான். அது பலவீனப்பட்டால் எதிர்ப்பு அணுக்கள் வீணாகக் கிளம்பி, சொந்த மூட்டையே தாக்கக்கூடும். கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த சிலவகை எலிகளுக்கு மூட்டுவாதம் வரவில்லை, குடலில் ஒரே ஒரு பாக்டீரியாவைக் குடியேற்றியதும் வந்துவிட்டது.

2013-இல் நியூயார்க்கில், சரவாங்கி புதிதாக வந்து இன்னும் மருந்து தொடங்காதவர்களைப் பார்த்தபோது, பிரிவோடெல்லா கோப்ரி என்ற பாக்டீரியா முக்கால்வாசிப் பேரின் குடலில் இருந்தது. நோயில்லாதவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான். இதைப் படித்துவிட்டு ஆயிரக்கணக்கில் கொடுத்து மலப் பரிசோதனை பேக்கேஜ் எதுவும் எடுத்துவிடாதே. சோறும் பயறும் காயும் தின்கிற நம் ஊர்க்காரர்களின் குடலில் பிரிவோடெல்லா குடும்பம் இயல்பாகவே அதிகம். அது இருப்பதாலேயே நோய் என்று ஆகாது.

குடலைப் போலவே பல்லையும் கவனி. ஈறைக் கெடுக்கும் ஒரு கிருமியிடம் உடம்பின் புரதத்தை மாற்றிவிடும் நொதி இருக்கிறது. அப்படி மாறிய புரதத்தை எதிரி என்று நினைத்து உடம்பு உண்டாக்குகிற பொருளைத்தான் அந்த ஆன்டி சிசிபி பரிசோதனை தேடுகிறது. ஈறில் ரத்தம் கசிந்தால் பல் டாக்டரிடம் போ. வெற்றிலையோடு புகையிலை போடுவதை விடு. வீட்டுக்குள் பீடி, சிகரெட் பிடிக்க மச்சானை விடாதே.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் வேண்டாம். தட்டைப்பயறு, மொச்சை, கேழ்வரகு, முருங்கைக்கீரை போதும். இவற்றின் நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியா புளிக்கவைத்துத் தருவதில்தான் குடல்சுவர் பிழைக்கிறது. கடற்கரையில் இருந்துகொண்டு மீன் எண்ணெய் மாத்திரை எதற்கு? சூடையும் சாளையும் குழம்பு வை. பழைய சோறு நல்லதுதான், ஆனால் அது மருந்து இல்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவமனை அதை ஆராய எடுத்ததும் குடல் நோய்க்காகத்தான். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரையும் உனக்கு எழுதிக் கொடுக்கலாம். அதனால் நம் ஊர் வெக்கையில் நேற்று ஊற்றியதை இன்று காலையோடு முடித்துவிடு.

ஒருவேளை டாக்டர் சல்ஃபாசலசின் கொடுத்தால், அது குடலிலேயே வேலை தொடங்குகிற மாத்திரை. 1940-களில் சுவீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் டாக்டர் சரவாங்கிக்கென்றே கொண்டுவந்தது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை இரண்டாக உடைத்தால்தான் மருந்து வெளியே வரும். சளி பிடித்ததற்கெல்லாம் மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் உடைக்கிற ஆட்களையே கொன்றதாகிவிடும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்படாதே.

மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்தால் வாரத்துக்கு ஒரே நாள். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு வை, ஃபோலிக் ஆசிட்டை டாக்டர் சொன்ன கிழமையில் போடு. பிள்ளை பெற்றுக்கொள்ள நினைத்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடு, மருந்தையே மாற்றுவார்.

பேர் ஒட்டாத டப்பாவில் 'மூட்டுவலிப் பொடி' என்று யாராவது தந்தால் தொடாதே. ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டு நாளில் துள்ளி நடப்பாய், அப்புறம் முகம் வீங்கும், சர்க்கரை ஏறும். வெறும் வயிற்றில் வலி மாத்திரையும் வேண்டாம். அது இரைப்பையையும் குடல்சுவரையும் புண்ணாக்கும்.