டைனோசர் கெர்ட்டி: ஒரு பழைய கார்ட்டூன் படத்தை ரசிப்பது எப்படி?

மிக்கி மவுஸ் திரைக்கு வந்தது 1928-ல். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே அமெரிக்காவில் கைதட்டல் வாங்கியவள் கெர்ட்டி என்ற பெண் டைனோசர். அவளை வரைந்தவர் வின்சர் மெக்கே என்ற பத்திரிகை ஓவியர்.

1914-ல் அவர் இந்தப் படத்தைச் செய்தது தம் மேடை நிகழ்ச்சிக்காக. திரையருகே சாட்டையுடன் நின்று கட்டளையிடுவார். குகையிலிருந்து கெர்ட்டி எட்டிப் பார்ப்பாள். காலைத் தூக்கச் சொன்னால் தூக்குவாள், மனமில்லாவிட்டால் கடிக்க வருவாள், அதட்டினால் அழுவாள். மெக்கே அட்டை ஆப்பிளை எறிவது போல எறிந்து ஒளித்துக்கொள்ள, வரைந்த ஆப்பிள் திரையில் அவள் வாய்க்குள் போகும். முடிவில் மெக்கே திரைக்குப் பின்னால் மறைய, படத்தில் ஒரு குட்டி மெக்கே அவள்மேல் சவாரி போவார்!

படத்தைப் பார்க்கும்போது கதையைத் தேடாதீர்கள். கதை பெரிதாக ஒன்றுமில்லை. கெர்ட்டி படுத்திருக்கும்போது அவள் விலாவைப் பாருங்கள். ஏறி இறங்கும். அந்த வேகம் சரியாக அமைய மெக்கே தம் மூச்சையே கணக்கிட்டுப் பார்த்தாராம். ஏரி நீரை அவள் குடித்து முடித்ததும் வாயிலிருந்து சொட்டும் துளிகளையும் கவனியுங்கள். இத்தனை பெரிய உடம்புக்குக் கனம் உண்டு என்று நம்மை நம்ப வைப்பவை இவைதான். மெக்கேயின் பாணி என்று நான் கருதுவதும் இதையே. துரத்தல், அடிதடி எல்லாம் பிற்காலத்துச் சரக்கு.

பின்னணியில் மலையும் பாறையும் லேசாக நடுங்குவது பழுதன்று. கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளில் வரையும் முறை அப்போது பரவவில்லை. ஆகவே ஒவ்வொரு தாளிலும் பின்னணியைத் திரும்ப வரைய வேண்டும். ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்ற இளைஞர் ஆயிரக்கணக்கான தாள்களில் அதே மலையைப் பிரதி எடுத்தார். கையெழுத்துப் போல, ஒன்றைப் போல் ஒன்று வருமா?

இன்று இணையத்தில் கிடைப்பது, 1914-ன் இறுதியில் திரையரங்குகளுக்காக மாற்றிய வடிவம். ஓடுவது சுமார் 12 நிமிடம். தொடக்கத்தில் மெக்கேயும் நண்பர்களும் பந்தயம் கட்டும் காட்சி சற்று இழுவை. குழந்தைகள் பொறுமை இழந்தால் ஓட்டிவிடலாம். மேடையில் நின்ற மனிதரின் குரலுக்குப் பதில் இதில் ஆங்கில வாசக அட்டைகள். அவர் இல்லாததால் பாதி வேடிக்கை போய்விடுகிறது.

அதற்கு வீட்டிலேயே வழி உண்டு. அப்பாவோ தாத்தாவோ டி.வி. பக்கத்தில் நின்று, அட்டை வரும்போதெல்லாம் கட்டளையைத் தமிழில் சொல்லட்டும். கெர்ட்டி அழும் இடத்தில் குரல் கொஞ்சம் தணியட்டும்.