மணல் கட்டும் வளைவு

பூமிக்கடியில் எண்ணெய் ஒரு குளம்போலத் தேங்கி நிற்பதாகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அது பாறையின் நுண்டுளைகளுக்குள் இருக்கிறது. அப்பாறை மணற்கல்லாகவும், அதன் மணிகள் இறுகப் பிணையாமலும் இருந்தால், எண்ணெயோடு மணலும் கிணற்றுக்குள் வந்துவிடும். வேகமாகப் பாயும் எரிவாயுவில் கலந்த மணல் உருக்குக் குழாயையே அரித்துத் துளைக்கும். நடுக்கடல் மேடையொன்றில் அப்படி வாயு கசிந்தால், அங்கு வேலை செய்வோரின் உயிருக்கே ஆபத்து.

மணியைவிடச் சிறிய துளையுள்ள அரிதட்டைப் போட்டால் போதாதா? போதாது. அது விரைவில் அடைபட்டு எண்ணெயையும் மறித்துவிடும். அவ்வளவு சிறிய துளை தேவையுமில்லை. ஏனெனில் மணல்மணிகள் ஒன்றையொன்று தாங்கி, துளையின்மேல் வளைவு கட்டிக்கொள்கின்றன.

1936இல் டெர்சாகி ஒரு மணற்பெட்டியின் அடியில் சிறு கதவு வைத்து, அதைச் சற்றே கீழிறக்கினார். கதவின் மீதிருந்த சுமை வெகுவாகக் குறைந்தது. மணலின் நிறை உராய்வினால் பக்கங்களுக்குக் கடத்தப்பட்டிருந்தது! 1970இல் ஹோல், ஹரிஸ்பேர்கர் ஆகிய இருவரும் இதே உத்தியை எண்ணெய்க் கிணற்றுக்குப் பயன்படுத்தினர். மணலை அமுக்கத்துக்கு உட்படுத்தி, அடிக்கதவைத் திறந்து, வளைவு நிற்கிறதா எனப் பார்த்தனர். வளைவு நிலைக்க, மணிகளைப் பிடித்து வைக்கும் ஒரு சிறு பிணைப்பு அவசியமெனக் கண்டனர். மணிகளுக்கிடையே சிறிதளவு நீர் இருந்தால், நாம் பௌதிகவியலில் கற்கும் மேற்பரப்பிழுவையே அப்பிணைப்பைத் தருகிறது. கடற்கரையில் மணல்வீடு கட்டும் சிறுவர்களுக்கும் இது தெரியும். உலர்ந்த மணலில் அவர்கள் கட்டுவதில்லை. நீர் இடைவெளி முழுவதையும் நிரப்பிவிட்டாலோ அந்தப் பிணைப்பு இல்லாமற் போகும். பல ஆண்டுகள் மணலின்றி ஓடிய கிணறு, நீர் வரத் தொடங்கியதும் மணலைக் கக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வளைவை மட்டும் நம்பியிருக்க முடியாத கிணறுகளில் அரிதட்டைச் சுற்றிச் சரளை நிரப்புவார்கள். எவ்வளவு பெரிய சரளை? சோசியர் என்பவர் மணலின் மேல் வெவ்வேறு அளவுச் சரளையை வைத்துத் திரவத்தைச் செலுத்திப் பார்த்து, 1974இல் விடை சொன்னார்: சரளையின் இடையளவு மணலின் இடையளவைப்போல் 5 முதல் 6 மடங்கு. அதைவிடச் சற்றுப் பெரிதானால் மணல் சரளைக்குள் புகுந்து சிக்கி, பாய்ச்சலைக் குறைக்கிறது. இன்னும் பெரிதானால் தடையின்றிக் கடந்தே போய்விடுகிறது. எனக்கு இதில் அந்த நடுநிலைதான் வியப்பு. வெளியே மணல் வராததால் எல்லாம் சரியென்று தோன்றும். உள்ளே கிணறு மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்.