காப்புக்காடு என்றால் காப்பாற்றப்பட்ட காடா?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் கோடையில் நின்றால் கண்ணுக்கு மணல்தான் தெரியும். ஆனால் குழி தோண்டினால் கீழே ஈரம் தட்டும். அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், காடு பற்றி நாம் நம்பிவரும் சில விஷயங்களைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

நம்பிக்கை: காடு எங்கோ மலையில் இருக்கிறது. காஞ்சிக்கு அதனால் என்ன?

உண்மை: செய்யாறு பிறப்பது ஜவ்வாது மலையில். அங்குள்ள காட்டின் சருகும் வேரும்தான் மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல விடுகின்றன. மரங்கள் போனால் பெய்த நீர் மண்ணையும் அரித்துக்கொண்டு அன்றே ஓடிவிடும். பட்டு நூலை அலசிச் சாயமேற்றும் ஊருக்கு நல்ல தண்ணீரின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம்பிக்கை: காப்புக்காடு என்று அறிவித்துவிட்டால் யாரும் தொட முடியாது.

உண்மை: தொடலாம். 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் காட்டு நிலத்தை வேறு வேலைக்குத் தருவதை அடியோடு தடுக்கவில்லை. மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது. சுரங்கமும் சாலையும் அந்த வழியாகத்தான் காட்டுக்குள் நுழைகின்றன. எது காடு என்பதே மாறிக்கொண்டிருக்கிறது. கூடலூர்க் காடுகளுக்காகக் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடே என்று 1996 டிசம்பர் 12-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 சட்டத் திருத்தம் அந்த வரம்பைச் சுருக்கியது. பழைய விளக்கமே இப்போதைக்குத் தொடரட்டும் என்று 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது.

நம்பிக்கை: வெட்டிய மரத்துக்குப் பதில் வேறிடத்தில் நட்டால் கணக்கு சரியாகிவிடும்.

உண்மை: வரிசையாக நட்ட ஒரே வகைக் கன்றுகள் தோப்பாகும். காடு என்பது பெருமரம், புதர், கொடி, பூஞ்சை, பூச்சி, பறவை எல்லாம் ஒன்றையொன்று தாங்கி நிற்பது. அது உருவாகப் பல தலைமுறைகள் ஆகும்.

நம்பிக்கை: காப்பது வனத்துறையின் வேலை.

உண்மை: 2019 வரை நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தைப் பாருங்கள். பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்மக்கள் கேட்டு, 1798-லேயே ஆட்சியரிடம் உத்தரவு வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு இன்றும் அங்கே வெடிச் சத்தம் கேட்காது. ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை உள்ள சரணாலய எல்லையைச் சுருக்கும் யோசனை 2020-இல் எழுந்தபோது எதிர்ப்புக் குரல் பலமாக எழுந்தது.

அறிவிப்பாணையும் திருத்தப்படக் கூடியதுதான். அதனால் காட்டை என்றென்றும் காக்க வேண்டுமானால் சட்டத்தில் விதிவிலக்குகளை அடைக்க வேண்டும். அடைத்தது அடைபட்டே இருக்கிறதா என்று நாமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஜவ்வாது மலையில் ஒரு சரிவு மொட்டையானால், திருமுக்கூடலில் இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டிவரும்.